ஆழம் பார்க்கும் கேமரா கையில் இருந்தால்

ஐபோன் 12 ப்ரோ (2020) முதல் வந்த ப்ரோ மாடல்களில் லைடார் என்ற ஆழம் பார்க்கும் சென்சார் உண்டு. சாம்சங் எஸ்20 பிளஸ், எஸ்20 அல்ட்ராவிலும் டைம் ஆஃப் ஃப்ளைட் கேமரா இருந்தது, எஸ்21-இல் எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்வதுதான் வேலை. ஒரு மீட்டர் போய்வர சுமார் 6.7 நானோ நொடி.

திண்டுக்கல் வெயிலில் மலைக்கோட்டைப் பாறையை ஸ்கேன் செய்யக் கிளம்பாதீர்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு, கேமரா திணறும். ஐபோன் லைடாரின் எட்டும் தூரமே சுமார் 5 மீட்டர்தான். காலை ஆறரைக்குள் கல் மண்டபத் தூண் ஒன்றை எடுங்கள், போதும்.

வீட்டுக்குள்தான் இதற்கு ருசி. பீரோ மாடிப்படியில் திரும்புமா, கட்டில் போட்டால் கதவு திறக்குமா என்று பார்க்கலாம். குடோனில் குவித்த சின்ன வெங்காயத்தைச் சுற்றி நடந்து ஸ்கேன் செய்தால் குவியலின் கன அளவு தோராயமாகக் கிடைக்கும். எடைக்குத் தராசே கதி.

திண்டுக்கல் பூட்டின் சாவிப் பல்லை அளக்க இது உதவாது. ஒரு சென்டிமீட்டர் பிசகு சகஜம். பளபளக்கும் பித்தளை, கண்ணாடி, தண்ணீர் மூன்றும் ஏமாற்றும். தொட்டி நீர்மட்டத்துக்கு விஎல்53எல்1எக்ஸ் என்ற குட்டி டைம் ஆஃப் ஃப்ளைட் சென்சார் வைப்பவர்கள் நீர்மேல் ஒரு தெர்மாகோல் துண்டை மிதக்கவிடுங்கள்.

எக்ஸ்பாக்ஸுக்கு வந்த பழைய கினெக்ட் கேமரா வாங்கினால் 2013 மாடலா என்று பாருங்கள், அதில்தான் டைம் ஆஃப் ஃப்ளைட் உண்டு. 2010-இல் வந்தது வேறு நுட்பம்.