தைப்பிங் மழையும் நம் பால்வெட்டும்

"ஐப்பசி அடைமழை" என்பது நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த வழக்கு. கப்பலேறி வந்து பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய அவர்கள், தம் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் உடன் கொணர்ந்தனர். சித்திரை என்றால் கடும் வெயில், ஐப்பசி என்றால் விடாமழை என்பது அவர்தம் கணக்கு. தைப்பிங் வட்டாரத்தில் அக்கணக்குப் பாதி பொருந்திற்று, பாதி பொய்த்தது. இங்கே ஐப்பசியில் மழை மிகுதிதான். ஆனால் சித்திரையிலும் மழை மிகுதியே! அஃது ஏன் என்பதையும், அதனால் பால்வெட்டுத் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதையும் காண்போம்.

நான்கு மீட்டர் நீர்

தீபகற்ப மலேசியாவில் மிகுதியான மழை பெறும் நகரம் தைப்பிங். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. அந்நீர் ஓடாமலும் வற்றாமலும் நின்றால், ஆண்டிறுதியில் நான்கு மீட்டர் உயரம் நிற்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது எனலாம். அதே பேராக்கில், தெற்கே கடலோரச் சமவெளியில் உள்ள சித்தியவான் பெறுவது இதில் ஏறத்தாழப் பாதியே. மாலையில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டும் பழக்கம் ஒரு காலத்தில் தைப்பிங் மக்களிடையே இருந்தது என்பர். அந்த அளவிற்கு மழை இவ்வூரின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது.

மலையும் கடலும்

இதற்குக் காரணம் ஊரின் இருப்பிடமே. மேற்கே சிறிது தொலைவில் மலாக்கா நீரிணை. கிழக்கே ஊரை ஒட்டியே உயரும் மலைத்தொடர். பகலில் வெயிலால் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று வீசுகிறது. அக்காற்றை மலை தடுத்து மேலே ஏற்றுகிறது.

மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிரும். ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும். முன்னர் மெக்ஸ்வெல் மலை எனப்பட்ட புக்கிட் லாருட்டின் உல்லாசத்தலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அங்கே குளிர்ச்சி நிலவுகிறது. குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்க இயலாமல் முகிலாக்கி மழையாகப் பொழிகிறது. ஆகவே பிற்பகலிலும் மாலையிலும் மழை மிகுகிறது.

ஆண்டின் நான்கு பருவங்கள்

நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அது கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் பெருமழையைக் கொட்டும். நடுவே தித்திவங்சா மலைத்தொடர் சுவர்போல் நிற்பதால், நம் பக்கம் வரும்போது அதன் ஈரம் குறைந்துவிடும். எனவே சனவரி, பிப்ரவரி மாதங்களில் தைப்பிங்கிலும் மழை சற்றுத் தணிகிறது. மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அதன் ஈரத்தைச் சுமத்திராத் தீவின் மலைகள் பெரிதும் தடுத்துவிடுகின்றன; சூன், சூலையிலும் மழை குறைவு.

இவ்விரு காற்றுகளும் திசைமாறும் இடைக்காலங்கள் இரண்டு: ஒன்று ஏப்ரல், மே, மற்றொன்று அக்டோபரும் நவம்பர் முற்பகுதியும். அப்போது பெருங்காற்று இராது. நிலத்தின் வெப்பத்தால் முகில்கள் வானுயர வளர்ந்து, இடியுடன் கொட்டும். இவையே நம் சித்திரையும் ஐப்பசியும். தமிழகத்தின் ஐப்பசி மழை வங்கக்கடலிலிருந்து பருவக்காற்றுக் கொணர்வது. நம் ஐப்பசி மழையோ காற்று மாறும் இடைவெளியில் பிறப்பது. மாதம் ஒன்று, காரணம் வேறு.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. இரவில் சுமத்திராவிலும் நீரிணையிலும் திரளும் இடிமுகில்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியுமுன் நம் கரையை அடையும். பலத்த காற்றும் மழையும் ஓரிரு மணிநேரம் நீடிக்கும். இதனைச் "சுமத்திராக் காற்று" என்பர். பால்வெட்டும் நேரத்தில் வருவதால் நமக்கு இழப்பு மிகுதியாக விளைவிப்பது இதுவே.

மரத்திற்கு மழை, வெட்டிற்கு வெயில்

1877ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கு அண்மையிலுள்ள கோலகங்சாரில் நம் நாட்டின் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அமேசான் காட்டில் பிறந்த அம்மரத்திற்கு வெப்பமும் மழையும் உகந்தவை. ஆண்டு முழுவதும் சீராகப் பரவிய 2,000 மில்லிமீட்டர் மழையே அதற்குப் போதுமானது. தைப்பிங் பெறுவது அதைப்போல் இருமடங்கு. மரம் தழைக்கும், வெட்டுத்தான் தடைப்படும்.

விடியற்காலையில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு ஓடும். வெயிலேற இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் தணிந்து பால் குறையும். எனவே மழையால் காலந்தாழ்ந்து வெட்டினால் மங்கில் சேரும் பால் குறைகிறது.

"மழை விட்டதே, வெட்டினால் என்ன?" என்று சிலர் எண்ணலாம். பட்டை நனைந்திருக்கும்போது பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரத்தில் வழிந்து வீணாகும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. ஈரத்தில் பெருகும் பூஞ்சணம், உளி பட்ட புண்வழியே நுழைந்து பட்டையை அழுகச் செய்யும். அழுகிய இடத்தில் மேடுபள்ளமான பட்டையே மீண்டும் வளரும்; அங்கே நேரிய கோடு போடுவது அரிது. ஒருநாள் பாலுக்காக ஈரப்பட்டையை வெட்டுவது, பல்லாண்டுப் பாலை விற்பதற்கு ஒப்பாகும்.

வெட்டுக்கோட்டிற்கு மேலே மரத்தைச் சுற்றி நெகிழித்தாள் கட்டி, இடைவெளியை அடைப்பது நல்ல காப்பு. மரத்தில் வழியும் நீர் கோட்டை நனைக்காமல் அது தடுக்கும். கட்டிப்பால் எடுக்கும் தோட்டங்களில், மங்கில் அளவாகப் பார்மிக் அமிலம் இட்டுப் பாலை விரைந்து உறையச் செய்வதால், பின்னர் வரும் மழை அதனை அடித்துச் செல்லாது. அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிதல் வேண்டும்.

மாசி, பங்குனியில் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும். அப்போது ஈரம் மிகுந்தால் தளிரிலும் பூஞ்சணம் பற்றி, இலைகள் மீண்டும் உதிரும்; பால் குறையும். அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோடியாப்சிஸ் என்னும் இலைநோயும் நம் நாட்டில் பரவியுள்ளது. இலையில் பெரும் வட்டப்புள்ளிகளும், பருவமல்லாக் காலத்தில் இலையுதிர்வும் கண்டால் மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிப்பது நன்று.

உயிர் காக்கும் மூன்று பழக்கங்கள்

முதலாவது, மங்கைக் கவிழ்த்தல். வெட்டில்லா நாள்களில் மங்கில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவிற்குத் தொட்டிலாகும். டெங்கிக் காய்ச்சல் தோட்ட வீடுகளை அணுகாதிருக்க, ஓய்வுவிட்ட நிரைகளில் மங்குகளைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடியை எண்ணுதல். மின்னல் கண்டவுடன் வினாடிகளை எண்ணுக. இடியோசை கேட்பதற்குள் மூன்று வினாடி சென்றால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்திக் கட்டடத்திற்குள் செல்க. மரத்தடியில் ஒதுங்குவது பேராபத்து. வாளியிலுள்ள பாலைவிட உயிர் பெரிது.

மூன்றாவது, காற்றடித்த மறுநாள் மேலே நோக்குதல். முறிந்து தொங்கும் கிளை எப்போது விழும் என்று கூற இயலாது.

மழையூரிலும் வறட்சி

மழை மிகுந்த வட்டாரம் என்று நீரை வீணாக்குதல் தகாது. தைப்பிங்கிற்கு வடக்கே, கிரியான் வயல்களுக்கு நீர்தர 1906இல் அமைந்த புக்கிட் மேரா ஏரியிலேயே, 2016ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்துவிட்டது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடேறினால், நம் வானத்து மழை குறைகிறது. உலகின் வெப்பமும் ஆண்டுக்காண்டு உயர்ந்து வருகிறது.

முன்னோர் வானத்தைப் பார்த்தே காலத்தைக் கணித்தனர். நாம் வானத்தையும் பார்ப்போம். வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பையும் கேட்போம். மழையை நிறுத்த நம்மால் இயலாது. அதன் வழக்கத்தை அறிந்து, மரத்தையும் வருவாயையும் உயிரையும் காத்துக்கொள்ள இயலும்.