முழங்கால் மூட்டுத் தேய்வும் கைபேசிச் செயலியும்

முதுமையில் மக்களின் நடமாட்டத்தை முடக்கும் நோய்களுள் மூட்டுத் தேய்வு முக்கியமானது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 52.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். மிகுதியாகப் பாதிக்கப்படுவது முழங்காலே.

பயிற்சியே முதற்சிகிச்சை

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்யும் மருந்து இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தொடையின் முன்புறத் தசை வலுப்பெற்றால் மூட்டுக்கு ஆதரவு கிடைக்கிறது. வலி குறைந்து நடை சீராகிறது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியவாறே சிறிது உயர்த்தி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது இத்தகைய பயிற்சிகளில் ஒன்று. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை, வேண்டுவது விடாமுயற்சியே. வலி சற்றுத் தணிந்ததும் பயிற்சியைக் கைவிடுவோர் பலர் என்பதே இடர்ப்பாடு.

தொலைவும் தொழில்நுட்பமும்

மைசூரு மாவட்டத்தின் காட்டோரச் சிற்றூர்களிலிருந்து வாரம் பலமுறை நகருக்கு வந்து சிகிச்சை பெறுதல் எளிதன்று. பேருந்தின் படியேறுவதே நோயாளிக்கு வேதனை. அன்றைய கூலியும் போய்விடும். இம்மாவட்டத்துச் சரகூர் மருத்துவமனை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஸ்ரோவின் தொலைமருத்துவத் திட்டத்தின்கீழ்ப் பெங்களூருடன் இணைக்கப்பட்டது. அன்று செயற்கைக்கோள் வழியே மருத்துவமனைவரை வந்த ஆலோசனையை இன்று கைபேசி வீட்டிற்கே கொண்டு சேர்க்கக்கூடும். பயிற்சியைப் படமாகக் காட்டவும், வேளை தவறாது நினைவூட்டவும், வலியின் அளவைப் பதிவு செய்யவும் செயலி உதவும்.

எனினும் செயலி மட்டும் போதாது. பல வீடுகளில் கைபேசி மகனிடம் இருக்கும். முழங்கால் வலியோ தாய்க்கு. எழுத்தறியாதோருக்குக் கன்னடக் குரல்வழி விளக்கம் தேவை. தவறான முறையில் செய்யும் பயிற்சியைத் திருத்த மனிதக் கண் வேண்டும். முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலில் இயன்முறை மருத்துவர் நேரில் ஆராய்ந்து பயிற்சிகளை வகுக்க வேண்டும். பின்னர் செயலி நாள்தோறும் வழிகாட்ட, ஆஷா பணியாளர் அவ்வப்போது வீட்டிற்குச் சென்று கண்காணிக்கலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை இல்லங்களுக்கே கொண்டு சென்றது இதற்கு நல்ல முன்மாதிரி.

செயலியைப் பதிவிறக்கியோரின் எண்ணிக்கையைக் கொண்டு இம்முயற்சியின் வெற்றியை அளத்தல் தகாது. ஆறு மாதங்களுக்குப் பின்னும் பயிற்சியைத் தொடர்வோர் எத்தனை பேர் என்பதே உண்மையான அளவுகோல்.