பழைய பிளாட் வாங்கலாமா? மாமாவுக்காகப் போட்ட ஒரு கணக்கு

போன மாசம் மாமா போன் பண்ணாரு. "மாப்ள, மேடவாக்கத்துல முப்பது வருஷப் பழைய பிளாட் ஒண்ணு வருது. வாங்கிப் போட்டா, பின்னாடி பில்டர் இடிச்சுட்டுப் புதுசா கட்டித் தருவான்ல?" பெரும்பாக்கத்துல ரூம் எடுத்து சிவில் படிக்கிற ஒரே காரணத்துக்காக, நான் இப்போ குடும்பத்துக்கே ஆலோசகர்!

பழைய பிளாட்டுல முதல்ல பத்திரத்துல தேட வேண்டியது யூ.டி.எஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு. கட்டடத்தோட மதிப்பு வருஷா வருஷம் தேயும். மண்ணு பொதுவா அப்படித் தேயாது. பில்டர் வர்றதும் அந்த மண்ணுக்காகத்தான்.

இப்போ கணக்கு. ரெண்டு கிரவுண்டு நிலம், 4,800 சதுர அடி. எப்.எஸ்.ஐ 1.5 இருந்த காலத்துல 7,200 சதுர அடி கட்டி, 8 வீடா பிரிச்சிருக்காங்கன்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு 900. தமிழ்நாட்டோட 2019 கட்டட விதிகள்ல, உயரம் குறைவான கட்டடங்களுக்கு எப்.எஸ்.ஐ 2 ஆச்சு. அதனால இடிச்சா 9,600 கட்டலாம். ஓனர்களுக்கு அதே 900 திருப்பிக் கொடுத்தா, பில்டர் கையில மிஞ்சுறது 2,400 மட்டும்தான். ஆனா அவர் 9,600-ஐயும் கட்டணுமே! சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவுன்னா 2 கோடியே 40 லட்சம். போட்ட காசு வரணும்னாலே அந்த 2,400-ஐ சதுர அடி 10,000 ரூபாய்க்கு விக்கணும். லாபம், அனுமதிக் கட்டணம், ஓனர்களுக்கு வெளியில தங்க வாடகை எல்லாம் அதுக்கு மேல. மயிலாப்பூர், தி.நகர்ல இது ஓடும். நாங்க விசாரிச்ச வரைக்கும் மேடவாக்கம் பக்கம் புது பிளாட்டே அந்த விலைக்குப் போகல.

சட்டம் இப்போ கொஞ்சம் சாதகம்தான். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதிச்சா மறுகட்டுமானம் பண்ணலாம். 8 வீட்டுக்கு 6 பேர். ஆனா சம்மதம் கிடைச்சாலும் கணக்கு உதைக்குதே!

அப்போ மிச்சம் இருக்கிறது ரிப்பேர். இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. பட்டி பாத்து, டைல்ஸ் மாத்தி, பெயிண்ட் அடிச்சா வீடு புதுசு மாதிரிதான் இருக்கும். கம்பி? கான்கிரீட்டோட காரத்தன்மைதான் கம்பியைத் துருவுல இருந்து காப்பாத்துது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ள போய் அதைக் குறைச்சிடும். துருப்பிடிச்ச கம்பி உப்பி, மேல இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு. புதுசா உடைச்ச இடத்துல பினாப்தலீன் தெளிக்கணும். நல்ல கான்கிரீட் பளிச்னு ரோஸ் கலராகும், கெட்டது அப்படியே இருக்கும். +2 லேப்ல டைட்ரேஷனுக்கு ஊத்தினோமே, அதேதான்.

2021 டிசம்பர்ல திருவொற்றியூர்ல 24 வீடு இருந்த வாரியக் குடியிருப்பு சரிஞ்சு விழுந்துச்சு. விரிசலைப் பாத்துட்டு மக்கள் முன்னாடியே வெளிய வந்ததால யாரும் சாகல.

மாமாவோட நேர்ல போனேன். பளபளன்னு பெயிண்ட். பார்க்கிங் தூண் ஒண்ணைச் சுத்தியலால தட்டினா பொத்துன்னு சத்தம். பக்கத்துக் கடைக்கார அக்கா 2015-ல தண்ணி நின்ன உயரத்தைக் கையால காட்டினாங்க, என் இடுப்பு வரைக்கும்.

மாமா இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல. தூண்ல டெஸ்ட் எடுக்க ஓனர்கிட்ட அனுமதி கேட்டிருக்கோம். ரெண்டு வாரமா அவர் போனை எடுக்கல.