மூட்டைப்பூச்சியை மறைக்க வேண்டாம்

ஊரில் மூட்டைப்பூச்சி எங்களுக்குப் புதிதல்ல. கட்டிலை முற்றத்தில் போட்டுக் காய வைப்போம், கொதிநீர் ஊற்றுவோம், படமாளிகைக் கதிரையில் கடி வாங்கியதைச் சொல்லிச் சிரிப்போம். ரொறன்ரோவின் அடுக்குமாடி வீட்டில் வந்துவிட்டால் மட்டும் வாய் திறக்கிறோமில்லை. நாலு பேர் அறிந்தால் ஒருவரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்ற பயம். இந்தப் பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. இரத்தத்தைத் தேடி வருகிறது. பயணப் பெட்டியிலும், வீதியோரத்தில் எடுத்த சோபாவிலும், பக்கத்து வீட்டுச் சுவர் வெடிப்பாலும் வந்து சேரும். நாம் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அது முட்டையிட்டுப் பெருகும்.

வளர்ந்த பூச்சி அப்பிள் விதையளவு, சுமார் 5 மில்லிமீற்றர், தட்டையாக, மண்ணிறமாக இருக்கும். டோர்ச் லைற் பிடித்து மெத்தையின் தையல் ஓரம், கட்டில் பொருத்துகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம் பாருங்கள். மை தெறித்தது போன்ற கறுப்புப் புள்ளிகளும், கழற்றிய வெளிறிய தோல்களும் தெரியும். உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. கடிபட்டும் ஒன்றும் தெரியாதவர்கள் உண்டு, முதியவர்களில் இது அதிகம். அம்மம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று அவவின் அறையை விட்டுவிடக் கூடாது. நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை என்றாலும் நித்திரை கெடும், சொறிந்த இடம் புண்ணாகும்.

மண்ணெண்ணெய் தெளிக்கும் ஊர் வழக்கத்தைத் தயவு செய்து கைவிடுங்கள். தீப்பிடித்தால் அது எங்கள் வீட்டோடு நிற்காது. கடையில் வாங்கும் புகைமருந்து வெடிப்புக்குள் ஒளிந்திருப்பதைத் தொடாது. மருந்துக்குப் பழகும் சாதி இது, டீ.டீ.ரீ.க்கு அசையாத மூட்டைப்பூச்சி ஹவாயில் 1947இலேயே காணப்பட்டது.

ஆனால் வெயிலில் காய வைத்த எங்கள் பெரியவர்களின் எண்ணம் சரியானது. சூடுதான் இதற்கு எமன். படுக்கை விரிப்பு, உடுப்புகளைப் பையில் கட்டிக் கொண்டுபோய், டிரையரில் கூடிய சூட்டில் 30 நிமிடம் ஓட விடுங்கள். கோயிலுக்கு வரும்போதும் கோட்டை இப்படிச் சூடுகாட்டிப் போட்டு வரலாம். வராமல் நிற்கத் தேவையில்லை. பட்டுச் சேலையை டிரையரில் போட முடியாது. இறுகக் கட்டிய பையில் வைத்து, சைபருக்குக் கீழ் 18 பாகை உள்ள உறைபெட்டியில் நாலு நாள் விடுங்கள். பனிக்காலத்துப் பல்கனியை நம்பாதீர்கள், அங்கே குளிர் ஏறி இறங்கும். மெத்தைக்குச் சிப் பூட்டிய முழு உறை போட்டு ஒரு வருடம் கழற்றாமல் வையுங்கள்.

ஒன்ராறியோவில் வாடகை வீட்டில் பூச்சியை ஒழிக்கும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. திகதியிட்டு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அழைக்கலாம். மருந்தடிப்பவர் ஒரு முறை வந்தால் போதாது. முட்டை தப்பி, சுமார் பத்து நாளில் பொரிக்கும். இரண்டு வாரமளவில் மறுபடி வரும் நாளை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.