ஓரத்திலிருந்து வரும் படை

கேள்வி: பெரம்பலூரில் ஆடிய சதுரங்கப் போட்டியில் எதிராளி நடுச் சிப்பாய்களைத் தொடாமல், குதிரையை எஃப்3-இல் வைத்து, மந்திரியை ஓரமாக இறக்கினார். திணறிப்போனேன். எப்படி எதிர்கொள்வது?
– வாசகர், அரியலூர்

அவர் பெரிய மனசோடு விட்டுவைத்த மத்திய ஸ்தானத்தை, டி5-இல் சிப்பாயை நிறுத்தித் தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பயப்பட யாதொரு காரணமுமில்லை. 2013 நவம்பர் 9-ஆம் தேதி, சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், 2870 தரப்புள்ளிகள் பெற்றிருந்த கார்ல்சன் இதே ரேட்டி முறையில் தொடங்கியபோது, 2775 புள்ளிகளுடைய நம் ஆனந்த் டி5 என்றே விடையிறுத்து, மந்திரியை ஜி7-இல் அமர்த்தி, சி6 சிப்பாயால் முட்டுக்கொடுத்து, சாவதானமாகக் கோட்டை கட்டிக்கொண்டார். வெள்ளை சி4 என்று இடித்த பின்னரும் பதறாமல், ஒன்பதாம் நகர்த்தலில்தான் அதை வெட்டினார். பிறகு அவருடைய குதிரை சி4-க்கும் ஏ5-க்கும் மாறிமாறித் தாவி, வெள்ளை ராணியை ஏ3-க்கும் பி3-க்குமாக அலைக்கழிக்க, பதினாறே நகர்த்தல்களில் ஆட்டம் சமனாயிற்று. பட்டத்தைக் கார்ல்சன் கொண்டுபோனது வேறு விஷயம்! அந்தப் பதினாறையும் பலகையில் இருமுறை ஆடிப் பார்த்துவிட்டு அடுத்த போட்டிக்குப் போங்கள். கடிகார நிமிஷங்களாவது மிஞ்சும்.