ஜலதோஷமும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும்
(நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, பேரேட்டின் பக்கங்களைப் புரட்டும் ஓசையோடு இருமல் ஓசையும் நம் காதில் விழுவதுண்டு. சென்ற மழைக்காலத்தில் அவ்வாறு இரண்டு அங்கத்தினர்களைக் கண்டோம். ஒருவர் நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்தவர். பீடிப் பழக்கமும் உடையவர். மற்றவர் பூந்தோட்டம் வைத்திருக்கும் மூதாட்டியார். வாழ்நாளெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர். இருவருக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உண்டு.

நெசவாளப் பெரியவர் மூக்கு ஒழுகத் தொடங்கிய இரண்டாம் நாளே, மருமகன் தின்று மிஞ்சிய மாத்திரை அட்டையை எடுத்து மூன்று மாத்திரைகளை விழுங்கினார். மூதாட்டியாரோ, "அந்த மாத்திரை உடம்புக்கு ஆகாது என்கிறார்களே, தம்பி" என்று ஆறு நாட்கள் பொறுத்திருந்தார். கோழை பச்சையாகி, மூச்சு இளைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது, தெய்வாதீனமாகப் பிழைத்தார். வேண்டாதபோது ஒருவர் உண்டார். வேண்டியபோது மற்றவர் உண்ணவில்லை. இவ்விரண்டு தவறுகளையும் தவிர்ப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். நாம் மருத்துவர் அல்லோம். கற்றவர்கள் கண்டறிந்ததை அங்கத்தினர்களுக்கு எளிதாக எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

1. நம் மாவட்டத்துச் செய்தி

இந்நோய் புகை பிடிப்பவர்க்கே வருவது என்று எண்ணுதல் தவறு. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகை பிடிக்காத, 30 வயதுக்கு மேற்பட்ட 900 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 2.44 பேருக்கு இந்நோய் இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுக்களையில் கழித்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. அடுப்புப் புகையும், பஞ்சுத் தூசியும், பீடியும் மூச்சுக் குழல்களைச் சுருக்கிவிடுகின்றன. பிறருக்கு ஒரு வாரத்தில் தீரும் ஜலதோஷம், இவர்களுக்கு நெஞ்சிலே இறங்கிவிடக்கூடும்.

2. ஜலதோஷத்தின் காரணம்

ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாட்டிக் மருந்து கொல்வது பாக்டீரியாவை. பூச்சிக்கு அடிக்கும் மருந்தைக் களையின்மேல் தெளித்தால் களை அழியுமா? மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு, இலேசான காய்ச்சல் ஆகியவை மட்டும் இருந்தால் அம்மருந்தினால் பயனில்லை. வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையுமே மிஞ்சலாம். ஏழு முதல் பத்து நாட்களில் உடம்பு தானே தேறிவிடும்.

ஆனால் நுரையீரல் நோயுள்ளவர் இதோடு கவலையற்றிருத்தல் கூடாது. வைரஸ் ஒன்றே அவருக்கு இளைப்பைக் கூட்டிவிடும். கோழை வெண்மையாகவே இருந்து இளைப்பு மட்டும் மிகுந்தால், அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் அன்று. இன்ஹேலர் மருந்தின் அளவைத் திருத்துவதே. அதனையும் மருத்துவரே செய்ய வேண்டும்.

3. மூன்று அடையாளங்கள்

கனடா நாட்டு மருத்துவர் அந்தோனிசென் என்பவரும் அவர் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அடிப்படையாக உள்ளது. அவர்கள் கவனித்த அடையாளங்கள் மூன்று:

(அ) வழக்கத்தினும் இளைப்பு மிகுதல்;
(ஆ) கோழையின் அளவு மிகுதல்;
(இ) கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிச் சீழ்போல் ஆதல்.

நோய் மிகுந்த சமயங்களில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது நூற்றுக்கு 68 தடவை குணம் கண்டது. மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோதும் நூற்றுக்கு 55 தடவை குணம் கண்டது. மூன்று அடையாளங்களும் சேர்ந்திருந்தவர்களுக்கே மருந்தின் பயன் மிகத் தெளிவாக விளங்கியது. ஆகவே இக்காலத்து மருத்துவர்கள், மூன்றும் இருந்தாலோ, கோழையின் நிறமாற்றத்தோடு மற்ற இரண்டில் ஒன்று இருந்தாலோ, இம்மருந்தை அளிக்கின்றனர். பெரும்பாலோர்க்கு ஐந்து நாட்கள் போதுமானது.

காலையில் ஒரு வெள்ளைத் தாளில் கோழையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயத்தின் நிறபேதத்தை அறிந்த நெசவாளர் கண்ணுக்கும், இலையின் நிறம் கண்டு பயிர்நோயை அறியும் விவசாயியின் கண்ணுக்கும் இது கடினமன்று. நோயில்லாத நாட்களில் தம் கோழையின் நிறமும் அளவும் என்ன என்பதை அறிந்திருந்தால்தான் மாறுதல் புலப்படும். காசநோயால் முன்பு நுரையீரல் பழுதுற்றவர்களும், எப்போதும் மிகுந்த கோழை உடையவர்களும் தமக்குரிய விதியை மருத்துவரிடம் தனியே கேட்டறிதல் வேண்டும்.

4. பொதுச் சேமநிதி

சங்கத்தின் சேமநிதியை நினைத்த அங்கத்தினரெல்லாம் எடுத்துச் செலவிட்டால், பஞ்சகாலத்தில் பெட்டி காலியாயிருக்கும். ஆன்டிபயாட்டிக் மருந்தும் அத்தகைய பொதுச்சொத்தே. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு தடவையும், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் நம் உடலில் பெருக இடம் தருகிறோம். இதற்கு வழி காணவே, 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடித் திட்டம் வகுத்தன. அது "சென்னைப் பிரகடனம்" என்றே வழங்குகிறது. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்து, வலிமை மிக்க பல ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்று விதி வந்தது.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது. சேமநிதி இருப்பதே ஆபத்துக் காலத்துக்காகத்தானே!

5. செய்ய வேண்டியவை

1. இன்ஹேலரை ஜலதோஷ நாட்களிலும் விடாதீர்கள்.
2. பிறர் தின்று மிஞ்சிய மாத்திரையைத் தொடாதீர்கள். கடையில் தாமே கேட்டு வாங்காதீர்கள்.
3. மேற்சொன்ன அடையாளங்கள் தோன்றினால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் செல்லுங்கள். இருதயம், சர்க்கரை, இரத்த அழுத்தம் இவற்றுக்கு உண்ணும் மருந்துகளையும், ஒவ்வாத மருந்தையும் சொல்லுங்கள்.
4. கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை உண்ணுங்கள்.
5. உட்கார்ந்திருக்கையிலேயே மூச்சு முட்டுதல், ஒரு வாக்கியம் பேசி முடிக்க இயலாமை, உதடு நீலமாதல், மயக்கம் அல்லது புத்தித் தடுமாற்றம் கண்டால் உடனே 108க்குச் சொல்லுங்கள்.
6. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், கோழையில் இரத்தம் கண்டாலும், அரசு நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணமில்லை. சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோயைத் தற்காலிகமாக மறைத்துவிடும்.
7. ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பீடியை விடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நெசவாளப் பெரியவருக்கு அன்று இருந்த அடையாளங்கள் எவை? அவர் என்ன செய்திருக்க வேண்டும்?
2. மூதாட்டியார் எந்த நாளில் மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டும்?
3. நம் சங்கத்தில் நாட்பட்ட இருமல் உடைய அங்கத்தினர் எத்தனை பேர்? இரவில் அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல யார் பொறுப்பேற்பர்?

மூன்றாவது வினாவுக்கு விடையைக் காரியதரிசி நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவைப்பாராக. அடுத்த முறை நாம் வரும்போது, கணக்கோடு அதனையும் பார்ப்போம்.