கைவிடாத அன்பு

புனே நகரின் மேற்கே உள்ள ஹிஞ்சேவாடி, ஒரு தலைமுறைக்கு முன்பு வயல்கள் சூழ்ந்த கிராமமாக இருந்தது. ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்த பிறகு, தமிழகம் உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளம் குடும்பங்கள் அங்கு குடியேறின. உற்றாரும் உறவினரும் தொலைவில் இருக்க, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்.

இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் தந்தையை நாள்தோறும் கதவருகே காத்திருந்து வரவேற்றது, அவர்கள் வளர்த்த நாய். வீட்டுக் குழந்தை தவழ்ந்ததும் நடை பழகியதும் அதன் அருகில்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் அது இறந்துவிடுகிறது. மறுநாள் அலுவலகத்தில் எவரும் துக்கம் விசாரிப்பதில்லை. "நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் ஒரு நண்பர். வீட்டிலோ குழந்தை, "அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் பெற்றோர் தலைகுனிகின்றனர்.

இந்தத் துயரம் நியாயமானதா? ஆன்மிக நாட்டம் உடையவர் ஒரு பிராணிக்காக அழுவது பலவீனமா? இக்கேள்விகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

துயரத்திற்கு ஓர் இடம்

உலகம் அங்கீகரிக்காத துயரம் இருமடங்கு சுமையாகிறது. இழப்பு ஒரு சுமை. அதை மறைத்துக்கொள்ள நேர்வது மற்றொரு சுமை. சமூகத்தின் ஏற்பைப் பெறாத இத்தகைய துயரத்தை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-ஆம் ஆண்டில் தனி வகையாக எடுத்துக்காட்டினார். செல்லப் பிராணியின் மறைவால் வரும் துயரும் அவ்வகையைச் சேர்ந்தது.

ஆனால், நம் முன்னோர் இத்துயரை மறைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனின் அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில், காட்டுப் பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்னும் வேட்டை நாய்க்கு 10-ஆம் நூற்றாண்டில் நினைவுக்கல் எழுப்பப்பட்டது. நன்றியுள்ள ஓர் உயிரை நினைவில் வைத்துப் போற்றுவதை அக்காலத்தவர் இழிவாகக் கருதவில்லை.

பரதனும் தருமரும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். பாகவத புராணத்தில் வரும் பரத மன்னர் அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்தார். தாயை இழந்த மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றி வளர்த்தார். அதன்மீது கொண்ட பற்றினால் தவம் குலைந்தது. இறுதி வேளையிலும் அதையே நினைத்து, மறுபிறவியில் மானாகப் பிறந்தார். பிராணியிடம் அன்பு வைப்பது ஆபத்து என்பதுதானே இதன் கருத்து?

மகாபாரதமோ மற்றொரு காட்சியைக் காட்டுகிறது. மகாபிரஸ்தானத்தின்போது தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக தருமபுத்திரர் மறுத்துவிடுகிறார். அந்த நாயே தரும தேவதை என்று பின்னர் வெளிப்படுகிறது.

ஒருவர் பிராணியால் வீழ்ந்தார். மற்றவர் பிராணியால் உயர்ந்தார். வேறுபாடு எங்கே இருக்கிறது? மான்குட்டியைக் காத்தது பரதரின் குற்றம் அன்று, அது கருணை. அந்த ஒரு மானுக்காக மற்ற அனைத்தையும் மறந்ததே குற்றம். "உயிர்" என்று தொடங்கிய பரிவு "என்னுடையது" என்று சுருங்கியபோது, அன்பு பற்றாக மாறியது. தருமரோ அந்த நாயிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. தம்மை நம்பி வந்ததைக் கைவிடுவது அறமன்று என்பது மட்டுமே அவருடைய உறுதி.

இந்நிகழ்ச்சியில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. "உடன்பிறந்தாரையும் திரௌபதியையும் வழியில் விட்டு வந்த நீ, நாயை மட்டும் விட மறுப்பது ஏன்?" என்னும் பொருள்பட இந்திரன் வினவுகிறான். அவர்கள் உயிரோடு இருந்தவரையில் தாம் கைவிடவில்லை என்றும், இறந்தவர்களை மீட்கத் தம்மால் இயலாது என்றும், இந்த நாய் உயிரோடு இருக்கிறது என்றும் தருமர் விடையளிக்கிறார்.

துயருற்றவருக்கு வேண்டிய முழு ஆறுதலும் இவ்விடையில் அடங்கியுள்ளது. இருந்தவரை கைவிடாதிருப்பது கடமை; அது நிறைவேறியபின் வருந்தினாலும் நடையைத் தொடர்வதே தருமம். கண்ணீர் பயணத்திற்குத் தடையன்று. அங்கேயே அமர்ந்துவிடுவதுதான் தடை.

குற்ற உணர்ச்சி என்னும் முள்

பலரை வாட்டுவது பிரிவைக் காட்டிலும் குற்ற உணர்ச்சியே. "இன்னும் முன்னதாக மருத்துவரிடம் சென்றிருக்கலாமே" என்றும், "வேதனையைப் போக்க ஊசி போடச் சம்மதித்தது பாவமோ" என்றும் மனம் குடைகிறது.

1928-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று நோயுற்றுப் பெரும் வேதனையில் துடித்தது. இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்த பின், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, காந்தியடிகளின் சம்மதத்துடன் ஊசி மூலம் அதன் உயிர் போக்கப்பட்டது. இதனால் கடும் கண்டனங்கள் எழுந்தன. காந்தியடிகள் அவற்றை மறைக்காமல், தம் செயலைத் தம் பத்திரிகையிலேயே விளக்கினார். தன்னலமின்றி, அந்த உயிரின் வேதனையைத் தீர்ப்பதற்காகவே செய்த செயலை அவர் இம்சையாகக் கருதவில்லை.

இம்முடிவை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. ஆயினும், ஒவ்வொருவரும் தம்மை உரைத்துப் பார்க்கும் உரைகல் இதில் கிடைக்கிறது. அம்முடிவு தம் வசதிக்காக எடுக்கப்பட்டதா, அந்த உயிரின் நலனுக்காகவா? பின்னது என்று மனச்சான்று கூறுமானால், முள்ளை அகற்றிவிடலாம். உண்மையிலேயே கவனக்குறைவு இருந்திருந்தால், அதற்குரிய பிராயச்சித்தம் தன்னை வதைத்துக்கொள்வதன்று. எஞ்சியுள்ள உயிர்களிடம் கூடுதல் கவனம் காட்டுவதே.

மகரிஷி காட்டிய வழி

பகவான் ரமண மகரிஷி பிராணிகளை "அது" என்று குறிப்பிடாமல், "அவன்", "அவள்" என்றே குறிப்பிடுவது வழக்கம். ஜாக்கி என்ற ஆசிரம நாய் நோயுற்றபோது, அதற்குரிய பணிவிடைகள் குறைவின்றி நடக்கும்படி கவனித்துக்கொண்டார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பசு லட்சுமி உயிர் நீத்தபோது, அதன் அருகில் அமர்ந்து தலையிலும் நெஞ்சிலும் கைவைத்திருந்தார். லட்சுமி, ஜாக்கி, வள்ளி என்ற மான், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளைத் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இன்றும் காணலாம்.

தேகமே தான் என்ற எண்ணத்தைக் கடந்த ஞானி, ஒரு தேகத்தின் இறுதி வேளையில் இத்தனை பரிவு காட்டினார். ஞானம் இதயத்தைக் கல்லாக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

குழந்தையிடம் "தூங்குகிறது", "ஊருக்குப் போயிருக்கிறது" என்று பொய் கூறுதல் தகாது. உடல் முதுமையடைந்து வீழ்ந்தது என்ற உண்மையைக் கனிவோடு கூறவேண்டும். அந்தணரிடமும் பசுவிடமும் யானையிடமும் நாயிடமும் அறிஞர் ஒன்றையே காண்கின்றனர் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. அந்த ஒன்று பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை என்பதைக் குழந்தைக்கு ஏற்ற மொழியில் சொல்லலாம். பெற்றோர் கண்ணீரை மறைக்கவும் தேவையில்லை.

குடும்பத்தினர் ஒன்றாக விளக்கேற்றி, மறைந்த உயிருக்காகச் சிறிது நேரம் பிரார்த்தனை செய்யலாம். கழுத்துப் பட்டையையும் உணவுக் கிண்ணத்தையும் உடனே வீசி எறியவும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் பார்த்து ஏங்கவும் வேண்டாம். வெறுமையை நிரப்புவதற்காக மட்டும் அவசரமாக மற்றொரு நாயை வாங்குவது, வரும் உயிருக்கும் நியாயமன்று. உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெடுமானால், மனநல மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது.

மகாராஷ்டிர மண்ணின் மகான் நாமதேவரைப் பற்றி ஒரு வரலாறு கூறுவர். அவருடைய ரொட்டியை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. அவரோ, வறண்ட ரொட்டியை இறைவன் எப்படி உண்பான் என்று வருந்தி, நெய்க் கிண்ணத்துடன் அதன் பின்னே ஓடினார். அந்த நாய் அவர் வளர்த்ததன்று. ஆயினும் அதனுள் விட்டலனைக் கண்டார்.

ஹிஞ்சேவாடிக் குடியிருப்பின் வாயிலிலும் பெயரில்லாத நாய் ஒன்று படுத்திருக்கக்கூடும். மறைந்த நாயின் கிண்ணத்தில் ஒருநாள் அதற்கு நீர் வைக்கப்படுமானால், அன்பு பற்றிலிருந்து விடுபட்டு வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாழ்ந்த நாளெல்லாம் எதையும் கணக்குப் பாராமல் அன்பு செலுத்திய அந்த வாயில்லா ஜீவனுக்கு, இதைவிடச் சிறந்த அஞ்சலி வேறில்லை.